1,150 ரூபா வோல்ட் மீற்றரும் என்ட 110 கரோலாவும்

டவுன்ல போன் கவர் வாங்கப் போன இடத்தில கண்ணில பட்ட சாமான் இது. சிகரெட் லைட்டர் ஓட்டைல குத்தினா நீல இலக்கத்தில வோல்ட் காட்டும், பக்கத்தில ரெண்டு யூஎஸ்பி ஓட்டையும் இருக்கு. 1,150 சொன்னாங்க, ஆயிரத்துக்குக் கேட்டன், சிரிச்சாங்க, 1,150 குடுத்திட்டு வந்தன். இப்ப ஆறு மாசமாப் பாவிக்கிறன்.

வாங்கினதுக்கு ஒரு கதை இருக்கு. என்ட வாகனம் டொயோட்டா 110 கரோலா, 5ஏ எஞ்சின். பின்னேரம் வேலை முடிஞ்சு வரக்குள்ள மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில வாகனம் நெருக்கி நிண்டா, ஏசி ஹெட்லைற் எல்லாம் போட்டபடி, எஞ்சின் நடுங்கத் தொடங்கும், லைற் மங்கும், டாஷ்ல பற்றரி லைற் மின்னி மின்னிப் போகும். மார்கழி மழைல வைப்பரும் சேர்ந்தா சொல்லி வேலையில்ல. ஒரு கராஜில காட்டினன், பேர் வேணாம், பொனட்டைத் திறந்த கையோட பற்றரி முடிஞ்சுது எண்டார். மீற்றர் ஒண்டும் வைச்சுப் பாக்கல்ல. புதுப் பற்றரி 28,000, அதோட ஐட்லிங், அதாவது வாகனம் நிக்கக்குள்ள எஞ்சின் சும்மா ஓடுற வேகம், அதுட ஸ்க்ரூவையும் கொஞ்சம் திருகி ஏத்தி விட்டார். ரெண்டு கிழமை நல்லா இருந்திச்சு, மறுகா அதே கூத்துத்தான், இப்ப பெற்றோலும் கூடக் குடிக்குது.

அந்த எரிச்சல்லதான் இதை வாங்கிக் குத்தினன். முதல் நாள் காலம்பற வளவுக்குள்ளயே நிண்டு ஒவ்வொரு சுவிட்சாப் போட்டுப் பாத்தன், அம்மா ஜன்னலால எட்டிப் பாத்து காருக்கு என்ன எண்டு கேட்டா. ஸ்டார்ட் பண்ண முதல் 12.4. ஸ்டார்ட் பண்ணின உடனே 14.1. ஹெட்லைற் போட 13.8, புளோவரை முழுசாத் திருப்ப 13.4, ஏசி போட்டு ரேடியேற்றர் பேன் சுத்தத் தொடங்கினதுதான் தாமதம், இலக்கம் படபடவெண்டு இறங்கி 12.3ல நிண்டுது, ஆர்பிஎம் முள்ளும் 600க்குக் கீழ. அக்சிலேற்றரைக் கொஞ்சம் அமத்தி 1500க்குக் கொண்டு போனா திரும்ப 13.7. அங்கதான் விளங்கிச்சு, பற்றரில பிழையில்ல, எஞ்சின் சுத்தக்குள்ள கரண்ட் எடுத்துக் குடுக்கிற ஒல்ரனேற்றரும் சாகல்ல, ஐட்லிங்ல மட்டும்தான் கரண்ட் போதாமப் போகுது.

கணக்கு லேசு. ஹெட்லைற் ஒண்டு 55 வாட், ரெண்டும் சேர்ந்தா எட்டு அம்பியர் மட்டில. புளோவர் பதினஞ்சு, பேன் பத்து, எஞ்சினுக்கெண்டு பெற்றோல் பம்ப் இன்ஜெக்டர் இக்னிஷன் அது ஒரு பத்து, எல்லாம் கூட்டினா நாப்பதைத் தாண்டும். என்ட ஒல்ரனேற்றர்ல 70 அம்பியர் எண்டு போட்டிருக்கு, ஆனா அது நல்ல வேகத்தில சுத்தக்குள்ள குடுக்கிற அளவு, ஐட்லிங்ல அதில பாதி வந்தாலே பெரிய விசயம். மிச்சத்தைப் பற்றரி தன்ட கையில இருந்து போடும். அதோட அந்தக் கரண்ட் ஒண்டும் ஓசில வாறதில்ல, 14 வோல்ட்ல 50 அம்பியர் எடுத்தா 700 வாட், ஒல்ரனேற்றருக்குள்ள சூடாப் போற நட்டத்தையும் சேர்த்தா பெல்ட் வழியா எஞ்சின்ல இருந்து ஒரு கிலோவாட்டுக்கு மேல இழுபடும். ஏசி கொம்பிரஷர் இழுக்கிறது அதுக்கும் மேல, அது வேற கணக்கு. சுமை கூடக்குள்ள ஐஎஸ்சி வால்வ் திறந்து கூடக் காத்து விட்டு ஐட்லிங்கைத் தூக்கிப் பிடிக்கோணும். அது கரி பிடிச்சுக் கிடந்தா ஐட்லிங் விழும், ஐட்லிங் விழுந்தா ஒல்ரனேற்றர் மெதுவாச் சுத்தும், வோல்ட் இறங்கும், வோல்டைச் சரியா வைச்சிருக்கிற ரெகுலேற்றர் அதைத் தூக்கப் பாத்து இன்னும் இழுக்கும், எஞ்சின் இன்னும் நடுங்கும்.

இந்த இலக்கங்களை ஒரு துண்டில எழுதிக்கொண்டு நாவற்குடாப் பக்கம் ஒரு வயசான ஆட்டோ எலெக்ட்ரிக் பாஸிட்டப் போனன். துண்டை வாங்கி ரெண்டு தரம் வாசிச்சார். மறுகா மல்டி மீற்றரை எடுத்து ஒரு முனையைப் பற்றரி நெகட்டிவ்லயும் மத்ததை எஞ்சின் புளொக்லயும் வைச்சு, எல்லா லைற்றையும் போடச் சொன்னார். 0.6 வோல்ட் காட்டிச்சு. "மனே, இது 0.2க்குக் கீழ இருக்கோணும், உன்ட எர்த் வயருக்கு உப்புக் காத்து அடிச்சிருக்கு" எண்டிட்டு வயரைக் கழட்டிக் காட்டினார், முனையில பச்சைப் பச்சையாப் பூத்து, மண்கும்பி மாதிரி உதிருது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில குடியிருந்தா இதுதான் கதி. அதைச் சுரண்டிப் பூட்டி, பெல்டை இறுக்கி, எஞ்சினுக்குக் காத்துப் போற த்ரொட்டில் பொடியையும் ஐஎஸ்சி வால்வையும் கழுவி, மத்தவர் திருகின ஸ்க்ரூவையும் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தார். கூலி 4,500. இப்ப எல்லாத்தையும் போட்டாலும் ஐட்லிங் 850, மீற்றர்ல 13.5.

ஒரு விசயம், எஞ்சின் ஓடக்குள்ள பற்றரி வயரைக் கழட்டி ஒல்ரனேற்றர் வேலை செய்யுதா எண்டு பாக்கிற ஆக்கள் இன்னும் இருக்காங்க. கழட்டின கையோட வோல்ட் எகிறி ஒல்ரனேற்றர்ட டயோடு போகலாம், எஞ்சின்ட கொம்பியூட்டர் ஈசியூவும் போகலாம். பக்கத்தில விடாதீங்க.

சாமானுக்கு வருவம். பாஸிட மல்டி மீற்றரோட ஒத்துப் பாக்கக்குள்ள இது 0.2 குறைச்சுக் காட்டுது, ஆனா அது முழுக்க இதுட பிழையில்ல, சிகரெட் ஓட்டைக்கு வாற வயர்லயே கொஞ்சம் விழும். ஏறுதா இறங்குதா எண்டு பாக்கத்தான் இது, சரி இலக்கம் வேணுமெண்டா பற்றரி முனையிலதான் பாக்கோணும். டொயோட்டா அக்குவா மாதிரி ஹைபிரிட் வைச்சிருக்கிற ஆக்கள் வாங்கித் தலையைப் பிச்சுக் கொள்ள வேணாம், அதில ஒல்ரனேற்றரே இல்ல, பெரிய பற்றரில இருந்து கொன்வேர்ட்டர் வழியாத்தான் 12 வோல்ட் பற்றரிக்கு வருது, எஞ்சின் நிண்டாலும் ஓடினாலும் இலக்கம் பெரிசா ஆடாது. சில புதுக் கார்கள் பெற்றோல் மிச்சம் பிடிக்கத் தானாவே வோல்டைக் குறைச்சு ஓடும், அதைப் பாத்தும் பயப்பட வேணாம்.

ராவில அந்த நீல வெளிச்சம் கண்ணைக் குத்துது, நான் இன்சுலேஷன் ரேப் ஒரு துண்டு ஒட்டி வைச்சிருக்கன், இலக்கம் மங்கலாத் தெரியும், காணும். குண்டு குழியில விழுந்தா ஓட்டைல இருந்து கழண்டு வரும். யூஎஸ்பில ஒண்டு மூணாம் மாசமே செத்திட்டு, கடைக்குக் கொண்டு போனன், "கேரண்டி ஒரு கிழமைதான் அண்ணன், வோல்ட் காட்டுதுதானே" எண்டான் பொடியன். காட்டுது.