இறால் குட்டைக் கரையில் ஒரு டிஸ்ஸோ சீஸ்டார்

வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவனுக்கு சுவிஸ் டைவ் வாட்ச் எதற்கு என்று ஊரில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். கடலுக்கடியில் போகும் உத்தேசமெல்லாம் எனக்கு இல்லை. வாங்கியது டிஸ்ஸோ சீஸ்டார் 1000, பவர்மேட்டிக் 80. நீல டயல், ஸ்டீல் செயின், 43 மி.மீ. அகலம், 12.7 மி.மீ. தடிமன். திருச்சியில் கம்பெனி அங்கீகாரம் உள்ள கடையில் எடுத்தேன். இரண்டு வருட உத்தரவாத அட்டையில் தேதி எழுதி முத்திரை குத்தினார்களா என்று பார்த்த பிறகுதான் பணத்தைக் கொடுத்தேன். விலை ஒரு லட்சத்துக்குள். ‘அந்தக் காசுக்கு (குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்கும்) ஏரேட்டர் ரெண்டு வாங்கியிருக்கலாம்’ என்றது வீட்டுத் தரப்பு. கணக்கு சரிதான்.

பெயரில் உள்ள 1000, அடிக் கணக்கு. மீட்டரில் சொன்னால் 300. பண்ணையில் வேலை பார்க்கும் தம்பி இதைக் கேட்டுவிட்டு, “அண்ணே, நம்ம குட்டையே ஒன்றரை மீட்டர்தான். மிச்சத்துக்கு எங்க போறது?” என்றான். நியாயமான கேள்வி. அந்த ஆழம் எனக்கு ஒருநாளும் தேவைப்படாது. ஆனால் ஆழத்துக்குப் போகிறவனுக்காகச் செய்த மற்ற ஏற்பாடுகள் இருக்கின்றனவே, அவை குட்டைக்கரையில்தான் நன்றாக வேலை செய்கின்றன.

முதலில் பெசல், அதாவது டயலைச் சுற்றியுள்ள, கையால் திருப்பக்கூடிய வளையம். வனாமி இறால் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், தீவனம் போட்டதும் செக் ட்ரேயிலும் (இறால் எவ்வளவு தின்கிறது என்று பார்க்கும் தட்டு) கொஞ்சம் வைத்துத் தண்ணீரில் இறக்குவோம். சுமார் இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். தீவனம் மிச்சமிருந்தால் அடுத்த வேளைக்குக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் தங்கி அழுகி அம்மோனியா ஏறும். இந்தத் தொழிலில் பெருஞ்செலவே தீவனம்தான். ஆகவே இந்த இரண்டு மணி நேரம் முக்கியம். ஈரக் கையோடு போனில் அலாரம் வைப்பது எவ்வளவு பெரிய இம்சை என்று கரையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். இதில் பெசலின் முக்கோணத்தைச் சின்ன முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துவிடுகிறேன். சின்ன முள் ஒரு மணி நேரத்தில் ஐந்து கோடு நகரும். பெசலில் உள்ள 10-ஐத் தொட்டால் இரண்டு மணி நேரம் முடிந்தது, அவ்வளவுதான். நீரில் மூழ்குகிறவர்கள் பெரிய முள்ளுக்கு நேராக வைப்பார்கள். அவர்களுக்கு நிமிடம்தானே கணக்கு.

பெசல் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். எங்காவது இடித்துத் திரும்பிவிட்டாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. நீருக்கடியில் இருப்பவன் சீக்கிரம் மேலே வந்துவிடுவான், உயிருக்கு ஆபத்தில்லை. நான் ட்ரேயைக் கொஞ்சம் முன்னாலேயே தூக்குவேன். ஒவ்வொரு சொடுக்கும் கெட்டியாக விழுகிறது. கையில் சேறு இருந்தால் மட்டும் விளிம்பு வழுக்குகிறது. பல்லை இன்னும் ஆழமாக வெட்டியிருக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். ராத்திரியில் பாசியும் சுவாசிப்பதால் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே வந்து, விடியலுக்கு முன்தான் அடிமட்டத்துக்குப் போகும். எங்களுக்குத் தூக்கம் கெடும் நேரமும் அதுதான். கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டரைப் போட்டு ஏரேட்டரை ஓட்ட வேண்டும். அமாவாசை இருட்டில் மோட்டார் கொட்டகைப் பக்கம் நடக்கும்போது பார்த்தேன். முள், மணிக்குறிகள், பெசல் முக்கோணத்தில் உள்ள புள்ளி எல்லாம் பச்சையாகத் தெரிந்தன. படுக்கப் போகும்போது இருந்த பளிச்சு அந்த நேரத்தில் இல்லை, ஆனால் மணி படிக்க முடிகிறது. டார்ச்சைக் கொஞ்சம் காட்டினால் மறுபடி ஏறிக்கொள்கிறது.

உள்ளே ஓடுவதுதான் பவர்மேட்டிக் 80. கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் இயந்திரம், பேட்டரி கிடையாது. ஈட்டா 2824 என்ற பழைய சுவிஸ் வாட்ச் இயந்திரத்தின் வழியில் வந்தது. அது மணிக்கு 28,800 துடிப்பு. இதை 21,600 ஆகக் குறைத்து, ஓட்டத்துக்குச் சக்தி தரும் மெயின் ஸ்பிரிங்கையும் மாற்றி, 80 மணி நேரம் ஓடும்படி செய்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி கழற்றி வைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போனேன், திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. நாளுக்குச் சில நொடி முந்துகிறது, அது எனக்குப் பொருட்டில்லை. தேதியைத் தனியாகத் திருப்புவதை ராத்திரி ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை செய்யாமலிருப்பது நல்லது என்பார்கள். நான் விழித்திருப்பதே அந்த நேரத்தில்தான், என்ன செய்ய!

ஒரு விஷயத்தை வாங்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமான நெம்புகோல் இந்த இயந்திரத்தில் இல்லை, தொழிற்சாலையிலேயே சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள். கடைத்தெருவில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கொடுத்து அரை மணியில் சரிசெய்யும் கதை இதில் நடக்காது. கம்பெனி சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

உப்பைப் பற்றி. குட்டைத் தண்ணீர் உவர்ப்பு, காற்றும் உப்புக்காற்று. பக்கத்தில் உள்ள கிரவுனை (சாவி கொடுக்கும் திருகை) இறுக்கிவிட்டால் உள்ளே எதுவும் போகாது. ஈரக் கையோடு அதைத் திறக்காமல் இருந்தால் போதும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர்க் குழாய்க்கடியில் பிடித்துப் பெசலை இரண்டு சுற்று சுற்றிக் கழுவுகிறேன். கண்ணாடி சஃபையர், ஒரு கீறல் இல்லை. பளபளப்பான ஸ்டீலில் மட்டும் அதற்குள் கோடுகள் விழுந்துவிட்டன.

என் குறையெல்லாம் செயின் மேல்தான். கனம் ஒரு பக்கம் இருக்கட்டும், கண்ணிகளின் இடுக்கில் களிமண் போய் உட்கார்ந்துகொள்கிறது. பழைய டூத் பிரஷ் இல்லாமல் வெளியே வருவதில்லை. ரப்பர் பட்டை மாட்டலாம் என்று பார்த்தால், இதன் பட்டை அகலம் 21 மி.மீ. கடைகளில் குவிந்து கிடப்பது 20-உம் 22-உம். 20 போட்டால் இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும், 22-ஐ நெருக்கித்தான் நுழைக்க வேண்டும். இந்த ஒற்றைப்படை அளவை யார் தேர்ந்தெடுத்தார்களோ தெரியாது. அறுவடைக்கு முன் சரியான 21 கிடைத்தால் மாற்றிவிடுவேன், இல்லையென்றால் டூத் பிரஷ்தான்.