காட்சிக்கு நிற்கும் காருக்கு எது: மெழுகா, சீலன்டா, செராமிக்கா?

கண்காட்சிக்குக் காரைத் தயார் செய்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கும்: கடைசியாக மேலே எதைப் பூசுவது? ஒருவர் கார்னௌபா மெழுகைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். இன்னொருவர், செராமிக் கோட்டிங் வந்தபிறகு மெழுகெல்லாம் எதற்கு என்பார். நடுவில் சீலன்ட் என்று ஒரு செயற்கைப் பூச்சு இருப்பதே இரண்டு பேருக்கும் நினைவில் இருக்காது.

எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. கறுப்பு, அடர்சிவப்பு, கருநீலம் போன்ற நிறத்தில், காட்சிக்கென்றே வைத்திருக்கும் காருக்கு மெழுகு. தினமும் ஓட்டிவிட்டு, காட்சிக்கும் ஓட்டிக்கொண்டே வரும் காருக்கு செராமிக். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களுக்கு சீலன்டே போதும். ஆனால் இந்த மூன்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம், அதற்குக் கீழே செய்யும் பாலிஷ் வேலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. சரியாக பாலிஷ் செய்த காரில் எந்த மெழுகைப் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும். கீறல் நிறைந்த பெயின்ட் மேல் எவ்வளவு நல்ல கோட்டிங்கைப் போட்டாலும் கீறல்தான் முதலில் கண்ணில் படும். அதனால் பாலிஷிலிருந்தே தொடங்குகிறேன்.

ரோட்டரியா, டூயல் ஆக்‌ஷனா?

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு இருக்கிறது. பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலில் பானெட்டைப் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் இந்த அடுக்கில்தான் இருக்கின்றன. அவை உண்மையில் வட்டமாக விழுந்தவை அல்ல. எல்லாத் திசையிலும் கிடக்கும் நுண்கீறல்களில், வெளிச்சம் வரும் திசைக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுகின்றன. அதனால்தான் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தோன்றுகிறது. பெரும்பாலும் தப்பான கழுவலால் வருபவை: மண்ணோடு சேர்த்துத் துடைத்த துணி, தரையில் விழுந்ததை எடுத்து மறுபடி தேய்த்த ஸ்பாஞ்ச்.

இதைப் போக்க கிளியர் கோட்டைச் சில மைக்ரான் அளவுக்குத் தேய்த்து எடுத்தாக வேண்டும். அதற்கு இரண்டு வகை மெஷின் உண்டு. ரோட்டரி ஒரே அச்சில் சுழலும். வேகமாக வெட்டும், ஆழமான கீறலையும் உப்புத்தாள் தடத்தையும் சீக்கிரம் எடுத்துவிடும். ஆனால் ஒரே இடத்தில் சற்று நின்றால்கூட சூடேறும். கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்புக்கோடு போன்ற இடங்களில் பெயின்ட் மெல்லியதாகவே இருக்கும், அங்கே கை தவறினால் நிறம் தெரிந்துவிடும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் (பெயின்டைத் தேய்க்கும் வட்டமான மெத்தை) சுழன்றுகொண்டே தன் மையத்திலிருந்து சில மில்லிமீட்டர் விலகியும் அசையும். 8, 15, 21 மில்லிமீட்டர் வீச்சு உள்ளவை கிடைக்கின்றன. அளவுக்கு மீறி அழுத்தினால் பெரும்பாலானவற்றில் பேட் சுழல்வதே நின்றுவிடும், அதுவே ஒரு பாதுகாப்பு.

காட்சிக்கென்று வரும்போது என் ஓட்டு டூயல் ஆக்‌ஷனுக்குத்தான். காரணம் பாதுகாப்பு மட்டும் இல்லை. ரோட்டரி விட்டுச்செல்லும் ஹோலோகிராம் என்ற மங்கலான வரித்தடம், ஷெட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. திறந்த மைதானத்தில் கார் வெயிலில் நிற்கும்போது அந்த வரிகள் பக்கவாட்டில் நடக்கிறவர் கண்ணோடு சேர்ந்து நகரும். ரோட்டரியில் வெட்டியவர்களும் கடைசி சுற்றை மென்மையான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் வைத்து டூயல் ஆக்‌ஷனில் முடிப்பது இதனால்தான்.

எந்த மெஷினாக இருந்தாலும் ஒரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் இறங்கி அதை மறைத்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து, சிறிய பகுதியில் தெளித்துத் துடைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான பெயின்ட். இந்தச் சோதனையில் தேறாத பேனலுக்கு மேலே எதையும் பூசவேண்டாம்.

மெழுகின் பக்கம்

கார்னௌபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றில் ஒன்று. உருகுவதற்கு 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். தனியாக எடுத்தால் கல் மாதிரி உடையும், அதைக் காரில் தேய்க்கவே முடியாது. அதனால் டப்பாவில் இருப்பது எப்போதுமே எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் சேர்ந்த கலவைதான். ‘நூறு சதவீத கார்னௌபா’ என்று மூடியில் எழுதியிருந்தால் அது உள்ளே இருக்கும் மெழுகின் வகையைப் பற்றிய பேச்சு, டப்பா முழுக்க அதுவே என்று அர்த்தமில்லை.

அடர்நிறத்தில் மெழுகு கொடுக்கும் தோற்றத்தை ‘ஈரப் பளபளப்பு’ என்று சொல்வார்கள். நிறம் ஒரு படி இருண்டு, உள்ளுக்குள் ஆழம் கூடினதுபோல் இருக்கும். கறுப்புக் கார் பக்கத்தில் நின்று பார்த்தால் இது தெரியும், வெள்ளைக் காரில் தேடினாலும் கிடைக்காது. குறை, ஆயுள். சில வாரம், நன்றாகப் பராமரித்தால் இரண்டு மூன்று மாதம். கடும் வெயிலில் நிற்கும் காரில் இன்னும் குறையும். காட்சிக்கு முந்தின நாள் போடுகிறவருக்கு இது ஒரு குறையே இல்லை.

போடும் விதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நிழலில், பேனல் தொட்டால் சூடில்லாமல் இருக்கும்போது, ஃபோம் துண்டில் கொஞ்சமாக எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லியதாகத் தடவவேண்டும். மங்கலாக ஆனதும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். கோடு சுத்தமாக வந்தால் துடைக்கலாம், இழுபட்டால் இன்னும் நேரம் ஆகவேண்டும். தடிமனாகப் பூசினால் பளபளப்பு அதிகமாகிவிடாது, துடைக்கும்போது திட்டுத் திட்டாக நிற்கும். அப்புறம் கறுப்பு பிளாஸ்டிக்கிலும், பெயர் எழுத்துகளின் இடுக்கிலும் ஒட்டிய வெள்ளைப் பொடி. நடுவர் குனிந்து பார்க்கும் இடம் அதுதான். பூசுவதற்கு முன்னால் பிளாஸ்டிக் ஓரங்களில் டேப் ஒட்டுவதும், முடித்தபின் மென்மையான பிரஷ்ஷால் இடுக்குகளைத் தட்டுவதும் கட்டாயம்.

செராமிக்கின் பக்கம்

செராமிக் கோட்டிங் சிலிக்கா சார்ந்த திரவம். பெயின்ட் மேல் பூசினதும் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி ஒட்டிக்கொள்ளும். தடிமன் பெரும்பாலும் ஓரிரு மைக்ரான்தான். ஆண்டுக்கணக்கில் நிற்கும். தோற்றம் மெழுகைப்போல் இதமாக இருக்காது, கண்ணாடிபோல் கூர்மையாக இருக்கும், பிம்பத்தின் ஓரம் தெளிவாக வெட்டி நிற்கும். மெட்டாலிக் நிறங்களில் துகள்கள் மின்னுவதை இது நன்றாகவே காட்டும்.

விளம்பரங்களில் ‘9எச் கடினம்’ என்று பார்த்திருப்பீர்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, கனிமங்களின் கடினத்தைச் சொல்லும், வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவு அல்ல. செராமிக் போட்ட காரிலும் அழுக்குத் துணியால் துடைத்தால் கீறல் விழும்.

மெழுகில் தப்பு நடந்தால் மறுபடி துடைத்துக்கொள்ளலாம், செராமிக்கில் அந்தச் சலுகை கிடையாது. சுமார் 2 அடிக்கு 2 அடி பகுதியாக எடுத்து, நெடுக்காகவும் குறுக்காகவும் தடவி, வானவில் நிறம்போல் மினுங்கத் தொடங்கியதும் துடைத்துவிட வேண்டும். எங்காவது துடைக்காமல் விட்ட இடம் இறுகிவிட்டால் கறை மாதிரி நிற்கும். எடுக்க மறுபடி பாலிஷ்தான். போட்ட முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரமாவது ஷாம்பு படக்கூடாது. ஆக, நாளை மறுநாள் காட்சி என்றால் செராமிக்கை இன்று தொடாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்னால் முடித்திருக்க வேண்டும்.

தண்ணீர் முத்து முத்தாக உருளும் வீடியோக்கள்தான் செராமிக்குக்கு இவ்வளவு பெயர் வாங்கிக் கொடுத்தன. காட்சியில் நிற்கும் காருக்கு அதனால் பயன் இல்லை. உப்புத்தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வளையமாக நிற்கும். செராமிக்கின் உண்மையான லாபம் வேறு: மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் பயணத்தில் ஒட்டின தூசியும் பூச்சியும் அதிகம் தேய்க்காமலே கழுவலில் போய்விடும். நெடுந்தூரம் ஓட்டி வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

சீலன்டும் கிளேஸும்

சீலன்ட் செயற்கை பாலிமர். நான்கைந்து மாதம் நிற்கும், போடுவது சுலபம், பளிச்சென்று இருக்கும். வெளிர்நிறக் கார்களில் மெழுகுக்காகச் செலவிடும் நேரத்தைக் கதவிடுக்குக்கும் சக்கரத்துக்கும் கொடுத்தால் பலன் அதிகம். சீலன்ட் போட்டு ஒரு நாள் விட்டு அதற்கு மேல் மெழுகு போடுவது காட்சிக்காரர்கள் நெடுநாளாகச் செய்துவருவது, நல்ல வழியும்கூட. செராமிக்குக்கு மேலும் மெழுகு போடலாம், ஆனால் செராமிக்கின் வழுவழுப்பு மெழுகுக்குள் மறைந்துவிடும். மெழுகுக்கு மேல் செராமிக் மட்டும் ஒட்டாது.

கிளேஸ், கீறலை எடுக்காமல் நிரப்பி மறைப்பது. ஓரிரு கழுவலில் போய்விடும். விற்பனைக்குக் காட்டும் காரில் இதைப் போடுவது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம். ஆனால் கிளியர் கோட்டே இல்லாத பழைய பெயின்டில், அடுக்கு மிகவும் மெலிந்துபோயிருந்தால், கிளேஸும் மெழுகும்தான் சரியான சிகிச்சை. அங்கே வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

பெயின்டில் ஆரஞ்சுப் பழத்தோல்போல் தெரியும் சொரசொரப்பை உப்புத்தாளால் மட்டமாக்கலாமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். கஸ்டம் கார்களுக்குச் செய்யலாம், கண்ணாடி மாதிரி வரும். ஆனால் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் நடப்பது போன்ற கான்கூர் போட்டிகளில் (அரிய, பழைய கார்களை நடுவர்கள் மதிப்பிடும் காட்சிகள்) கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பழைமை மாறாமல் காத்த கார்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் நிற்கப்போகும் காரில் அசல் பெயின்டை உப்புத்தாளால் தொடவே கூடாது.

காலையில்

காட்சி நாளில் பெயின்டுக்கு வரும் பெரிய ஆபத்து தூசி. உலர்ந்த துணியால் துடைப்பது முந்தின நாள் முழுக்கச் செய்த பாலிஷைக் கெடுத்துவிடும். மெல்லிய தூசி என்றால் ஊதி எடுக்கும் புளோயரே சிறந்தது. அதற்கும் போகாவிட்டால் குயிக் டீட்டெய்லர் என்ற, கழுவாமலே துடைக்க உதவும் வழுவழுப்பான ஸ்பிரேயைத் தாராளமாகத் தெளித்து, அடர்ந்த மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பவேண்டும். வழியில் சேறு அடித்திருந்தால் ஸ்பிரேயும் போதாது, வாளித் தண்ணீரில் கழுவித்தான் ஆகவேண்டும்.

டயருக்கு எண்ணெய் மாதிரி மின்னும் சிலிக்கான் டிரெஸ்ஸிங்கைவிட, தண்ணீர் அடிப்படையிலானதையே தேர்ந்தெடுப்பேன். புது டயரின் மினுக்கமில்லாத கறுப்பு வரும், நடுவர்கள் எதிர்பார்ப்பதும் அதுதான். முந்தின இரவே போட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டால், காரை இடத்துக்கு நகர்த்தும்போது சக்கரம் சுழன்று பக்கவாட்டுப் பேனலில் கறுப்புப் புள்ளிகள் தெறிக்காது.