350 ரூபாய் ஊதா போர்டும் 2,800 ரூபாய் ஆசையும்

போன தீபாவளி போனஸில் ஆரம்பித்த வேலை, பொங்கல் தாண்டித்தான் முடிந்தது. வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவுக் கணினி, இனி வெறும் 'பை') ஒன்றை வைத்துக் கூடத்துக்கு ஒரு பாட்டுப் பெட்டி செய்ய வேண்டும், அவ்வளவுதான் திட்டம். பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒரு ஜோடி இருந்தது, டிபிஏ3116 சிப் வைத்த 24 வோல்ட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போர்டும் இருந்தது, பாக்கி டிஏசி மட்டும்தான், அதாவது டிஜிட்டல் பாட்டை ஆம்புக்குப் புரிகிற அனலாக் சிக்னலாக மாற்றும் சிப். அதை வாங்குவதற்குள்தான் பாதி நாள் போய்விட்டது.

பையில் இருக்கிற 3.5 மிமீ ஓட்டையிலேயே செருகினால் என்ன என்று கேட்பீர்கள். செருகிப் பார்த்தேன், பாட்டு அடங்கும் இடத்தில் எல்லாம் 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல். அதில் முறையான டிஏசி கிடையாது, பிடபிள்யூஎம் (அகலம் மாறி மாறி வரும் ஆன்-ஆஃப்) துடிப்பை வடிகட்டி ஒப்பேற்றுகிறார்கள். பை 5-இல் அந்த ஓட்டையையே எடுத்துவிட்டார்கள்.

சரி என்று சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனேன். கேட்ட கடையில் எல்லாம் நீட்டியது ஒரே பொருளைத்தான், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிசிஎம்5102ஏ சிப் வைத்த, தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஊதா நிறப் போர்டு. 350 ரூபாய். "இதைவிட நல்லதா ஏதாவது இருக்கா அண்ணே?" என்றதற்கு, "முதல்ல இதைப் போட்டுக் கேளுங்க சார், பத்தலைன்னா வாங்க" என்றார் ஒரு கடைக்காரர். வாங்கிக்கொண்டு வந்தேன், ஆனால் மனசு கேட்கவில்லை. அன்று ராத்திரியே ஆன்லைனில் ஈஎஸ்9038க்யூ2எம் என்ற டிஏசி சிப் வைத்த போர்டு ஒன்றை 2,800 ரூபாய்க்கு ஆர்டர் செய்துவிட்டேன். ஊதா போர்டின் சிப்புக்கு டைனமிக் ரேஞ்ச் (மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி) 112 டெசிபல், இதற்கு 129 என்று போட்டிருந்தது. அந்த 17 டெசிபலுக்கு ஆசைப்பட்டேன். நான் கேட்கிற பாட்டெல்லாம் 16 பிட் சிடியிலிருந்து எடுத்தது, அதற்கே 96 சொச்சம்தான், அதற்கு மேலே கூடத்தில் சீலிங் ஃபேன் வேறு ஓடுகிறது என்பதெல்லாம் பணம் கட்டிய பிறகு உறைத்தது.

இதற்கு நடுவில் பிலிப்ஸின் டிடிஏ1541ஏ டிஏசி மேலேயும் ஒரு கண். 80-களின் சிடி பிளேயர்களில் வந்த 16 பிட் சிப், அதன் சத்தத்துக்கு இன்றும் பக்தர்கள் உண்டு. அதற்கு +5, -5, -15 என்று மூன்று வோல்டேஜ் வேண்டும், சுற்றி 14 கெப்பாசிட்டர் கட்ட வேண்டும், மார்க்கெட்டில் போலியும் நிறைய. வேண்டாம் சாமி என்று விட்டுவிட்டேன்.

ஊதா போர்டு முதல் நாள் ஒரு சத்தமும் தரவில்லை. பையின் 12, 35, 40-ஆம் பின்களிலிருந்து போர்டின் பிசிகே (பிட் துடிப்பு), எல்சிகே (இடது-வலது துடிப்பு), டின் (பாட்டு டேட்டா) மூன்றுக்கும் ஒயர் இழுத்தாயிற்று, 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுத்தாயிற்று, பையின் கான்ஃபிக் கோப்பில், டிஏசியை அதற்கு அறிமுகப்படுத்தும் ஹைஃபைபெரி-டிஏசி ஓவர்லே வரியையும் சேர்த்தாயிற்று. பாட்டு ஓடுவதாகத் திரை சொல்கிறது, ஸ்பீக்கர் கம்மென்று இருக்கிறது. மூன்று மணி நேரம் மென்பொருளையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், போர்டின் முன்பக்கம் எஸ்சிகே (மாஸ்டர் கிளாக்) பின் பக்கத்தில் கடுகு அளவில் இரண்டு பட்டைகள், ஒன்றோடொன்று சேராமல். அவற்றை ஈயம் வைத்துச் சேர்த்தால் எஸ்சிகே கிரவுண்டுக்குப் போகும். இந்தச் சிப்புக்குத் தனி மாஸ்டர் கிளாக் தேவையில்லை, பிசிகே துடிப்பிலிருந்தே உள்ளே தயாரித்துக்கொள்ளும். ஆனால் எஸ்சிகே பின் கிரவுண்டில் இருந்தால்தான் அது அந்த வேலைக்கே இறங்கும். அந்தரத்தில் தொங்கினால் கரகரக்கும், இல்லையென்றால் என் வீட்டில் நடந்த மாதிரி மௌன விரதம்.

அது மட்டும் இல்லை. பின்பக்கம் நான்கு இடத்தில் மூன்று மூன்று பட்டைகள் இருக்கும், நடுவில் இருப்பதை எச் பக்கமோ எல் பக்கமோ ஈயம் வைத்துச் சேர்க்க வேண்டும். 1, 2, 4 மூன்றும் எல், 3 மட்டும் எச். அந்த மூன்றாவதுதான் மியூட் பின், அது எல்லில் இருந்தால் ஆயுளுக்கும் சத்தம் வராது. சில போர்டுகள் இதையெல்லாம் சேர்த்தே வருகின்றன, என்னுடையதில் எதுவுமே இல்லை, உள்ளே ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. மெல்லிய முனை சால்டரிங் அயர்னில் ஐந்து பொட்டு ஈயம், ஐந்து நிமிட வேலை. வைத்துவிட்டு ஆன் செய்தால் தவில் அடி நெஞ்சில் விழுந்தது!

ஒயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிசிகே ஒயரில் நொடிக்கு 28 லட்சம் துடிப்பு வரை ஓடும் (44,100-ஐ 64-ஆல் பெருக்கிப் பாருங்கள்). அதை அரை மீட்டருக்கு இழுத்து அழகு பார்க்காதீர்கள். நான் 10 செமீக்குள் வைத்திருக்கிறேன். நீளம் வேண்டுமென்றால் டிஏசிக்கு அப்புறம், ஆம்ப் பக்கம் இழுங்கள்.

சத்தம் வந்ததும் அடுத்த தலைவலி, உள்ளுக்குள் கொசு கத்துகிற மாதிரி ஒரு 'ங்ங்ங்'. மவுஸை அசைத்தால் கொசுவின் சுருதி மாறும். டிஏசியைத்தான் முதலில் திட்டினேன், பாவம் அது. 24 வோல்ட் அடாப்டர் ஒன்றிலிருந்தே ஆம்புக்கும் கொடுத்து, அதையே சின்ன பக் கன்வெர்ட்டரில் 5 வோல்ட்டாக இறக்கிப் பைக்கும் கொடுத்திருந்தேன். கரன்ட் திரும்புகிற கிரவுண்டும் ஆடியோ ஒயரின் கிரவுண்டும் வட்டம் போட்டுக்கொண்டு, பையின் குப்பையெல்லாம் ஆம்புக்குள் போய்விட்டது. பைக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் போட்டேன், கொசு செத்தது. 129 டெசிபல் சிப் போட்டிருந்தாலும் இந்தக் கொசு அப்படியேதான் கத்தியிருக்கும்.

இன்னொரு விஷயத்தை விற்கிறவர் யாரும் சொல்வதில்லை. இந்தப் போர்டு முழுச் சத்தத்தில் 2.1 வோல்ட் தள்ளும். என் ஆம்பின் கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 26 டெசிபல், அதாவது 20 மடங்கு. 24 வோல்ட் சப்ளையில் அது அதிகபட்சம் தரக்கூடியது சுமார் 17 வோல்ட், அதற்கு உள்ளே 0.85 வோல்ட் போனாலே போதும். அதனால் ஆம்பின் வால்யூம் குமிழைக் கால்வாசி திருப்பியதுமே ஆம்ப் திணற ஆரம்பித்தது. ஒவ்வொரு பக்கமும் 4.7 கே ரெசிஸ்டரைத் தொடராகவும் 3.3 கே-யைக் கிரவுண்டுக்கும் போட்டேன், இப்போது குமிழ் முழுசாகச் சுற்றுகிறது. இரண்டு ரூபாய் செலவு, அந்த 2,800 ரூபாயைவிட இதில்தான் வித்தியாசம் அதிகம் தெரிந்தது.

அந்த 2,800 ரூபாய் போர்டும் ஒருநாள் வந்தது. தனியாக 12-0-12 டிரான்ஸ்பார்மர் கேட்டது, ஒரு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சின்னச் சிப்) சாக்கெட்டில் கோணலாக உட்கார்ந்திருந்தது, விற்றவரிடம் புகார் சொன்னதற்கு "நீங்களே அழுத்திக்கொள்ளுங்கள்" என்று பதில். அழுத்தினேன், வேலை செய்தது. அப்புறம் இரண்டு போர்டையும் பையின் அதே மூன்று ஒயரில் சேர்த்துக் கட்டி, வெளியே ஒரு செலக்டர் ஸ்விட்ச் போட்டு, 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு மல்டிமீட்டரில் இரண்டின் அளவையும் ஒன்றாக்கினேன். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால், கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் 'நல்ல' டிஏசியாகத் தெரியும். பையன் என் முதுகுக்குப் பின்னால் நின்று ஸ்விட்சைப் போட, 20 தடவையில் 11 சரியாகச் சொன்னேன். "காசு சுண்டிப் போட்டிருந்தாலும் இதே தாம்பா வந்திருக்கும்" என்றான்.

குறை இல்லாமல் இல்லை. ஊதா போர்டுக்குள் வால்யூம் கட்டுப்பாடு கிடையாது, ஆம்பின் குமிழிலோ மென்பொருளிலோதான் குறைக்க வேண்டும். அது வேண்டுமென்றால் பிசிஎம்5122 சிப் இருக்கிற, பை மேலேயே உட்காருகிற போர்டுகளைப் பாருங்கள், விலை கூடும், ஆனால் ஈயம் வைக்கிற வேலையும் மிச்சம். 3.5 மிமீ ஜாக் லொடலொடவென்று ஆடுகிறது. நான் அதை நம்பாமல் ஓரத்தில் இருக்கும் எல்அவுட், ஆர்அவுட் பின்களிலிருந்தே ஒயர் எடுத்துவிட்டேன். ஹெட்போனை நேராகச் செருகலாம் என்று நினைக்காதீர்கள், இது ஆம்புக்குக் கொடுக்கிற லைன் அவுட்புட்.

மாமனார் வீட்டுப் பழைய ஆம்புக்காக இன்னொரு ஊதா போர்டு வாங்கிவிட்டேன். நேற்று பார்சலைப் பிரித்ததும் பூதக்கண்ணாடியைத்தான் எடுத்தேன். இதில் பின்பக்கம் நான்கும் சேர்த்தே வந்திருக்கிறது, எஸ்சிகே மட்டும் திறந்துதான் கிடக்கிறது.