ஆனைமுடியைத் தடவிப் பார்க்க ஒரு வரைபடம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகள் பார்த்த மலை ராமேசுவரத்துக் கெந்தமாதன பர்வதம் ஒன்றுதான். அதுவும் சின்ன மணற்குன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமான 2,695 மீட்டர் ஆனைமுடியை எத்தனை நாள் கரும்பலகையில் முக்கோணம் போட்டே காட்டுவது? போன ஜூனில் மதுரையில் ஒரு கடையில் 1,400 ரூபாய்க்கு இந்த மேடுபள்ள வரைபடத்தை வாங்கினேன். ஒன்றரை அடிச் சதுரம், அச்சில் வார்த்த பிளாஸ்டிக்.

கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னேன். நீலகிரியிலிருந்து தெற்கே வந்தால் விரல் சட்டென்று பள்ளத்தில் இறங்கும். பாலக்காட்டுக் கணவாய். தாண்டினால் மறுபடி ஏற்றம். ஆனைமலை, கிழக்கே பழனி மலை, தெற்கே ஏலமலை மூன்றும் கூடுகிற இடத்தில் ஆனைமுடி தட்டுப்படும். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவைவிட 58 மீட்டர்தான் அதிகம். ஆனால் நடுவில் அந்தக் கணவாய் கிடப்பதால் தனியாக எழும்பி நிற்கிறது. பாடப்புத்தகத்தின் பச்சை, பழுப்பு நிறங்களை வைத்து இதை நான் ஒருநாளும் புரியவைத்ததில்லை.

ஒரு மாணவி மேற்குச் சரிவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப மழையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிருதா சார்? நமக்கு வெறும் காத்துதானா?" அப்பா கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அள்ளி அடித்தும் மழை இல்லாததை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரணம் அன்றைக்குக் கையில் கிடைத்தது.

குறைகளும் உண்டு. அளவு, ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து கிலோமீட்டர். அந்தக் கணக்கில் ஆனைமுடி மூன்று மில்லிமீட்டர்கூட வராது. இதில் ஒன்றரை சென்டிமீட்டர் நிற்கிறது. ஐந்து மடங்குக்கு மேல் கூட்டியிருக்கிறார்கள். கூட்டாவிட்டால் விரலுக்குத் தெரியாது, சரி. அதை ஓரத்தில் அச்சிட்டிருக்க வேண்டாமா? உச்சியையும் கூம்பாக வார்த்துவிட்டார்கள். இரவிகுளத்தில் ராஜமலைப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன், யானை மத்தகம் மாதிரி வழவழவென்று இருக்கும் பாறை அது. பெயரே அதனால்தானே வந்தது.

மலைப்பாடம் எடுக்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். வெயில் படுகிற சன்னலோரம் மட்டும் மாட்டாதீர்கள், எங்களுடையது ஒரு மூலையில் வளைந்துவிட்டது.

அப்புறம், வைகையை மதுரையோடு நிறுத்திவிட்டார்கள். நீல பெயிண்ட் வாங்கி, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குக் கொண்டுவந்து, ஆற்றங்கரை என்கிற ஊரில் கடல் சேரும்வரை நானே இழுத்துவிட்டேன். அந்த ஊர்ப் பையன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான். கடைசி அரை அங்குலத்தை அவன்தான் வரைந்தான்.