தாழ்த்திய வண்டிக்கு எந்த ஸ்டெபிலைசர் லிங்க்? ஆக்டேவியாவையும் லாராவையும் வைத்து ஓர் அலசல்

வண்டியை இறக்கியவர்கள், அதாவது தரையிலிருந்து அதன் உயரத்தைக் குறைத்தவர்கள், எல்லோரும் பட்டறையில் கேட்டிருக்கும் அறிவுரை ஒன்று உண்டு: "ஹைட்டைக் குறைச்சா லிங்க்கையும் குட்டையா போட்டுடுங்க சார்." வளைவில் வண்டி அதிகம் சாயாமல் இரண்டு பக்கத்தையும் இணைத்துப் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு மாட்டும் சின்னத் துண்டுதான் லிங்க். அந்த அறிவுரை பாதி வண்டிகளுக்குச் சரி. மீதிப் பாதிக்கு நேர் எதிர். எந்தப் பிராண்ட், எந்த விலை என்று தேட ஆரம்பிக்கும் முன், நம் வண்டி எந்தப் பாதி என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் வாங்கினால், ஜெர்மன் சாமானாகவே இருந்தாலும் காசு தண்டம்.

இதற்கு ஸ்கோடாவின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 2001இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஆக்டேவியா. இன்னொன்று அதன் அடுத்த தலைமுறை. பழையதும் கூடவே விற்பனையில் இருந்ததால் இங்கே அதற்கு லாரா என்று பெயர் வைத்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே அவுரங்காபாத் தொழிற்சாலை. இறக்கி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டுமே பிடித்த வண்டிகள். ஆனால் லிங்க் விஷயத்தில் இது கிழக்கு என்றால் அது மேற்கு.

ஆக்டேவியாவில் முன்பக்க லிங்க் குட்டையான துண்டு. அதன் கீழ்முனை, சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மில்; மேல்முனை ஸ்டெபிலைசர் பாரில். வண்டியை இறக்கும்போது, பாடியிலிருந்து பார்த்தால் லோயர் ஆர்ம் மேலே வருகிறது. அது லிங்க்கைத் தள்ள, லிங்க் பாரின் முனையை மேலே தள்ளுகிறது. அங்கேதான் ஆக்சில், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, ஓடுகிறது. நன்றாக இறக்கிய ஆக்டேவியாவிலும், அதே அடித்தளத்தில் வந்த நாலாம் தலைமுறை கோல்ஃபிலும் ஆக்சில் பாரில் உரசுவது ஊரறிந்த நோய். பாரின் முனையைக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் லிங்க் குட்டையாக வேண்டும். பட்டறை அறிவுரை இங்கே சரி.

லாராவில் லிங்க் நீளமான கம்பி. கீழ்முனை பாரில், மேல்முனை ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) உடம்பில் வெல்டிங் செய்த காதில். வண்டி இறங்கினால் ஸ்ட்ரட் மேலே வருகிறது, லிங்க்கை இழுக்கிறது, லிங்க் பாரை இழுக்கிறது. பார் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் லிங்க் நீளமாக வேண்டும். இதில் குட்டை லிங்க்கைப் போட்டால் ஏற்கெனவே மேலே ஏறிய பார் இன்னும் ஏறும். அப்புறம் எங்கே இடிக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, அப்படியானால் லாரா மாதிரி வண்டிகளுக்கும் கடையில் குட்டை லிங்க் விற்கிறார்களே? காரணம் கொய்லோவர், அதாவது உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட். சில கொய்லோவர் செட்டுகளில் லிங்க் மாட்டும் காதைக் கம்பெனி ஸ்ட்ரட்டில் இருப்பதைவிடத் தாழ்வாக வைத்திருப்பார்கள். காது கீழே வந்தால் அதற்கேற்ற குட்டை லிங்க் தேவை. அந்தக் கணக்கு வேறு. கம்பெனி ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியவர் இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கொய்லோவர் போட்டவர் பழைய ஸ்ட்ரட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அடியிலிருந்து காது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துவிட்டால் சந்தேகமே இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: நீளத்தை மாற்றத்தான் வேண்டுமா? ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவது இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு அளவுக்கு ஏறி இறங்கும்போதுதான். இரண்டும் சேர்ந்து ஏறினால் பார் தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் சுழன்று கொடுத்துவிடும். ஆகவே இரண்டு பக்கமும் சமமாக இறக்கினால் பாரில் முறுக்கம் எதுவும் ஏறாது. மாறுவது பாரின் கையின் (லிங்க் மாட்டும் மடங்கிய முனைப்பகுதி) கோணம் மட்டும். கையின் நீளம் 200 மி.மீ., முனையும் இறக்கிய அளவுக்கே ஏறுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 25 மி.மீ. இறக்கினால் கை ஏறும் கோணம் சுமார் 7 டிகிரி. 40 மி.மீ. இறக்கினால் பதினொன்றரை. அந்த 40 மி.மீ. இறக்கிய வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து சக்கரம் இன்னும் 60 மி.மீ. மேலே போனால் 30 டிகிரி. இறக்காத வண்டிக்கு அதே பள்ளத்தில் பதினேழரைதான். அந்த 30 டிகிரியில்தான் ஆக்சில் இடிப்பதும், லிங்க் ஒருச்சாய்ந்து நிற்பதும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் லிங்க் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட்டின் (கிண்ணத்துக்குள் பந்து அசையும் மூட்டு) கழுத்து கிண்ண விளிம்பில் போய் முட்டுவதும். பழைய லிங்க்கைக் கழற்றியதும் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) விலக்கிப் பாருங்கள். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்த கோடு இருந்தால், பூட் அதே பக்கம் கிழிந்திருந்தால், அது வயசான லிங்க் இல்லை, நீளம் பொருந்தாத லிங்க். சுற்றிலும் சீராகத் தேய்ந்து லொடலொடத்தால் அது வெறும் வயசு.

ஆக, முதல் போட்டியாளர் எதுவும் மாற்றாத கம்பெனி நீள லிங்க்தான். 25, 30 மி.மீ.க்குள் இறக்கியவர்கள், எங்கேயும் உரசும் தடம் இல்லையென்றால், இதையே புதிதாக வாங்கிப் போடலாம். என்னைக் கேட்டால் ஸ்பிரிங் மட்டும் மாற்றியவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும். லெம்ஃபோர்டர், டி.ஆர்.டபிள்யூ. இரண்டுமே இப்போது இசட்.எஃப். குடும்பத்தின் பிராண்டுகள். வாங்கிப் போட்டு மறந்துவிடலாம். மெய்லே ஹெச்.டி. கொஞ்சம் தடித்த சாமான். நம் ஊர் ரோட்டுக்கு அந்தத் தடிமன் வீண் போகாது, கம்பெனி 4 ஆண்டு உத்தரவாதமும் தருகிறது. ஃபெபி பில்ஸ்டைன் என்ற பெயரைப் பார்த்து ஷாக் அப்சார்பர் செய்யும் பில்ஸ்டைன்தான் இது என்று நினைக்கிறவர்கள் உண்டு. இரண்டும் ஜெர்மனியில் என்னெபெடால் என்ற ஒரே ஊர். ஆனால் வேறு வேறு கம்பெனிகள். சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் இவற்றின் பெயர் போட்ட டப்பா பல விலையில் கிடைக்கும். விலை சந்தேகமாகக் குறைவாக இருந்தால் டப்பாவை நம்பாமல் பால் ஜாயின்ட்டை ஆட்டிப் பாருங்கள். புது ஜாயின்ட் கையால் திருப்பும்போது கெட்டியாக, ஒரே சீராக அசைய வேண்டும். லேசாகச் சரிந்து விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புதுப்பேட்டையில் கழற்றிய சாமான் வாங்க நல்ல விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன, லிங்க் அதில் ஒன்றல்ல.

இரண்டாவது, நீளம் மாற்றிய ஆனால் அட்ஜஸ்ட் செய்ய முடியாத லிங்க். கொய்லோவர் செட்டோடு சேர்ந்தே வந்தால் யோசிக்காமல் அதையே போடுங்கள், அந்தக் காது உயரத்துக்கென்றே செய்தது அது. தனியாக வாங்குவதென்றால் எனக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. நாளைக்கே உயரத்தைக் கொஞ்சம் மாற்றினால் மறுபடி வேறு லிங்க் தேட வேண்டும். வேறு மாடல் வண்டியின் லிங்க் நீளம் பொருந்துகிறதே என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நீளத்தோடு திருகின் அளவு, இரண்டு பால் ஜாயின்ட்டும் பார்க்கும் திசை, துளையில் நுழையும் திருகுக் குச்சி கூம்பா நேரா என்பது எல்லாம் ஒத்துப்போனால் தாராளமாகச் செய்யலாம். எம் 10 (10 மி.மீ. திருகு) குச்சியை எம் 12 துளையில் வாஷர் வைத்து இறுக்குவது மட்டும் வேண்டாம். அது ஆடும், துளையை முட்டை வடிவாக்கிவிடும்.

மூன்றாவதுதான் இதில் சுவாரசியமானது: நடுவில் திருகி நீளத்தை மாற்றக்கூடிய, இரு முனையிலும் பூட் போட்ட பால் ஜாயின்ட் உள்ள லிங்க். ஆஸ்திரேலியாவின் வைட்லைன், தைவானின் ஹார்ட்ரேஸ் போன்றவர்கள் செய்கிறார்கள். விலை கம்பெனி லிங்க்கைப் போலப் பல மடங்கு. அந்தக் காசுக்குக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, குட்டையா நீளமா என்ற குழப்பத்தில் தப்பாகக் கணித்தாலும் திருத்திக்கொள்ளலாம். மற்றொன்று, கொய்லோவரில் இடது வலது உயரம் ஓரிரு மி.மீ. வித்தியாசப்பட்டால் பாரில் ஏறும் முறுக்கத்தை இதில் எடுத்துவிடலாம். முறுக்கம் ஏறிய பாரோடு ஓடும் வண்டி இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் இன்னொரு மாதிரியும் நடந்துகொள்ளும். சாதாரணமாக ஓட்டும்போது இது தெரியாமலே போகலாம். கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டேவுக்குப் போகிறவருக்குத் தெரியும்.

வாங்கும்போது "அட்ஜஸ்டபிள்" என்ற வார்த்தையை மட்டும் பார்க்காமல், இந்த மையத்திலிருந்து அந்த மையம் வரை குறைந்தபட்ச, அதிகபட்ச நீளம் என்ன என்று பாருங்கள். நமக்கு வேண்டிய நீளம் அந்த வரம்பின் நடுவில் விழ வேண்டும். கடைசி நுனியில் விழுந்தால் உள்ளே பிடிக்கும் திருகு போதாது. திருகின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. எம் 10க்கு 15 மி.மீ.

இதே வகையில் பால் ஜாயின்ட்டுக்குப் பதில் ராட் எண்ட் (உறையில்லாத உலோகப் பந்து மூட்டு) போட்டது நாலாவது. படத்தில் பார்க்க ரேஸ் வண்டிச் சாமான் மாதிரி கம்பீரமாக இருக்கும். ரேஸ் வண்டிக்குத்தான் அது. பந்து வெளியே திறந்து கிடக்கிறது, கொடுக்கிற ரப்பரோ கிரீஸ் நிறைந்த பூட்டோ இல்லை. மழைக்காலச் சேறும் கோடைப் புழுதியும் உள்ளே போனால் தேய்வு வேகமாக வரும், வந்ததும் ஒவ்வொரு சிறு பள்ளத்துக்கும் டக் டக் என்று சொல்லிக்காட்டும். ஸ்டீயரிங் கூர்மையில் கொஞ்சம் லாபம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அலுவலகத்துக்கும் இதே வண்டியில்தான் போகிறேன் என்பவருக்கு அந்த லாபத்தைவிடச் சத்தம்தான் மிஞ்சும். ரப்பர் உறை தனியாக வாங்கிப் போட்டால் ஆயுள் கூடும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் லேத்தில் கொடுத்துச் செய்துகொள்ளலாமே என்று கேட்பார்கள். இடது திருகு, வலது திருகு வெட்டிய நடுக்குழலையும் நல்ல தரமான ராட் எண்டையும் வைத்து ஒழுங்காகச் செய்கிற பட்டறைகள் உண்டு, அது நாலாவது வகையின் உள்ளூர்ப் பதிப்பு. ஆனால் கம்பெனி லிங்க்கை நடுவில் அறுத்து, வேண்டிய நீளத்துக்கு வெல்டிங் வைப்பது வேறு கதை. வெல்டிங் சூடு பக்கத்திலேயே இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் கிரீஸையும் கெடுக்கும். இழுப்பும் தள்ளலும் மாறி மாறி வரும் இடத்தில் அந்த ஒட்டு விட்டுப்போனால், வளைவில் பாதியில் வண்டி சட்டென்று சாயும். லிங்க்கையே கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களுக்கும் இதே பதில். ஸ்பிரிங் கெட்டியாக இருக்கிறது, போதும் என்பார்கள். திடீரென்று லேன் மாறும்போதுதான் பார் இல்லாதது தெரியும்.

என் தேர்வைக் கேட்டால்: ஸ்பிரிங் மட்டும் மாற்றிய லாராவுக்குக் கம்பெனி நீளம், மெய்லே ஹெச்.டி. கொய்லோவர் போட்ட லாராவுக்கு, செட்டோடு லிங்க் வராவிட்டால், பூட் போட்ட அட்ஜஸ்டபிள். ஆக்டேவியாவை 40 மி.மீ. தாண்டி இறக்கியிருந்தால் குட்டையாக வைக்கக்கூடிய அட்ஜஸ்டபிள், அதுவும் ஆக்சிலில் உரசல் கோடு விழுவதற்கு முன்னாலேயே.

ஏற்கெனவே சத்தம் வருகிறது என்பதால் மாற்றுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். ஸ்பீட் பிரேக்கரில் இரண்டு சக்கரமும் நேராக ஏறும்போது சத்தம் இல்லை, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வருகிறது என்றால் லிங்க்கைச் சந்தேகப்படலாம். இரண்டிலும் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் பக்கம் போங்கள். லிங்க்கைக் கையால் ஆட்டிப் பார்ப்பதும் இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்போதுதான். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் பார் முறுக்கி லிங்க்கை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் வெளியே தெரியாது.

மாட்டும்போது அளவெடுப்பதும் கடைசியாக இறுக்குவதும் வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது நடக்க வேண்டும். குழி உள்ள பட்டறையோ, ஏற்றி நிறுத்தும் ராம்ப்போ இருந்தால் நல்லது. ஒரு பக்கத்தை மாட்டி இறுக்கிவிட்டு, ஓட்டுநர் சீட்டில் ஆளை உட்கார வைத்து, மறுபக்கக் குச்சியைத் துளையில் கையால் நுழைத்துப் பாருங்கள். தட்டாமல் நுழைகிற நீளம்தான் சரியான நீளம். லாராவின் பழைய நட்டைக் கழற்றும்போது குச்சி கூடவே சுற்றும். அதன் நுனியில் பன்னிரண்டு முனைக் குழி இருக்கிறது, அதற்கான பிட்டைப் போட்டுப் பிடிக்க வேண்டும். ஆலன் கீயைத் திணித்தால் குழி வழுக்கிவிடும், அப்புறம் கிரைண்டர்தான். நைலான் வைத்த நட்டை மறுபடி பயன்படுத்தாமல் புதிது போடுங்கள். அட்ஜஸ்டபிள் என்றால் லாக் நட்டுக்குக் குறுக்கே பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுக் குனிந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் திருகில் கிரீஸ் தடவி வைக்கவில்லையென்றால், அடுத்த முறை நீளம் மாற்ற நினைக்கும்போது அது அட்ஜஸ்டபிளாகவே இருக்காது.