பட்ட கட்டையில் முட்டையிடும் குளவியைப் பார்க்க: பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21

செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டில் விறகடுக்கோ பட்டுப்போன மாமரமோ பழைய பந்தல்காலோ கட்டாயம் கிடக்கும். வண்டு துளைத்த ஓட்டைகளில் தனித்தேனீக்கள் கூடு வைக்கும். அந்தக் கூட்டையும் உள்ளே நெளியும் வண்டுப் புழுவையும் தேடி ஒட்டுண்ணிக் குளவிகள் வரும். இவற்றைப் பார்க்க நகைக்கடை லூப் (கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் உருப்பெருக்கி) வாங்குவது வீண். பத்து மடங்கு லூப் 2.5 செ.மீ. கிட்டத்தில்தான் தெளியும், அதற்குள் குளவி பறந்திருக்கும்.

பாப்பிலியோ அரை மீட்டரிலேயே ஃபோகஸ் ஆகிற பைனாகுலர். சக்கரத்தைத் திருப்பத் திருப்ப முன் லென்ஸ்கள் இரண்டும் நெருங்கி வருவதால், அவ்வளவு கிட்டத்திலும் படம் இரண்டாகப் பிரிவதில்லை. எடை 290 கிராம். பெட்டியில் போட்டிருக்கும் 6.5 மடங்கை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வெறுங்கண்ணால் 25 செ.மீ.யில் பார்ப்பதோடு ஒப்பிட்டால், அரை மீட்டரில் கிடைப்பது ஏறக்குறைய மூன்றேகால் மடங்குதான். குளவிக்கு அது தாராளம்.

காலை வெயில் விழும் பக்கமாக, உங்கள் நிழல் கட்டையில் படாமல் முக்காலி போட்டு உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ள வேண்டும். உணர்கொம்பால் மரத்தைத் தட்டிக்கொண்டே போகும் குளவி சின்ன அசைவுக்கும் கிளம்பிவிடும். அது தட்டித் தேடும்வரை ஒரு மீட்டருக்கு அப்பாலேயே இருங்கள். முட்டையிடும் ஊசி மரத்துக்குள் இறங்கிய பிறகு மெல்லக் கிட்டே நகரலாம். உருவிக்கொள்ள நேரமாகும் என்பதால் அவ்வளவு சுலபத்தில் ஓடாது.

கேஸ்டெரப்டியான் என்ற குளவி வந்தால் அதிர்ஷ்டம்: நீண்ட கழுத்து, தடித்த பின்னங்கால், வால்போல நீளும் ஊசி. வெளியே தெரிவது பெரும்பாலும் ஊசியின் உறைதான். பல இனங்களில் அதன் நுனி வெள்ளை. முட்டையிடும்போது உறை வெளியிலேயே நின்றுவிட, முடி மாதிரி ஊசி மட்டும் உள்ளே போவது பாப்பிலியோவில் துல்லியமாகத் தெரியும். லூக்கோஸ்பிஸ் என்ற இன்னொரு குளவி ஊசியை முதுகின்மேல் மடித்து வைத்திருக்கும், அதுவும் பிடிபடும். ஊசியின் மூன்று இழைகளும் மாறி மாறி வழுக்கி இறங்குவது மட்டும் தெரியாது. அதற்கு இந்த உருப்பெருக்கம் பற்றாது.

குறைகள் உண்டு. தண்ணீர் புகாத கருவி அல்ல. ஐப்பசி மழையில் வெளியே எடுக்காதீர்கள். லென்ஸ் 21 மி.மீ.தான், நிழலான மூலையில் படம் மங்கும். கிட்டத்தில் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு. உருண்டைக் கட்டையில் குளவி நகர நகரச் சக்கரத்தில் விரல் இருந்தாக வேண்டும்.

8.5 மடங்கு மாடலும் இருக்கிறது. கை நடுக்கம் கூடும், வெளிச்சம் குறையும். ட்ரைபாடில் மாட்டிப் பார்ப்பவர்களுக்கு மட்டும் அது சரி.