எட்டு சனிக்கிழமை, ஒரே சமாரியன்: தோட்டத்துப் பட்டணத்தில் ஒரு வேத விளக்க வகுப்பு

மலேசியாவின் வட பேராக்கில், செம்பனை ஆலைக்கும் பழைய ரப்பர்த் தோட்ட லயங்களுக்கும் இடையே உள்ள ஒரு சின்னப் பட்டணத்தில் தமிழ்ச் சபை ஒன்று நடத்தும் வகுப்பு இது. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிறிஸ்தவர்கள் வேதத்துக்கு எப்படியெல்லாம் பொருள் சொன்னார்கள் என்பதுதான் பாடம். எட்டு சனிக்கிழமை, இரவு 7.30 முதல் 9.30 வரை. கட்டணம் 60 வெள்ளி. 90 பக்க போட்டோஸ்டேட் கையேடும் இடைவேளைக் கோப்பியும் வடையும் அதில் அடக்கம். லூத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று யாரும் சேரலாம். தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. கொடுத்த காசுக்குப் பழுதில்லை. ஆறாம் வாரம்தான் பெரிதாகச் சறுக்குகிறது. அதைச் சரிக்கட்ட என்ன செய்யலாம் என்பதும் கீழே இருக்கிறது.

எட்டு வாரத்துக்கும் ஒரே பகுதியை எடுத்துக்கொண்டதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். லூக்கா 10-ஆம் அதிகாரம், 30 முதல் 37 வரை: நல்ல சமாரியன். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப்போனவன் கள்ளரிடம் அடிபட்டுக் கிடக்க, ஆசாரியனும் லேவியனும் விலகிப்போக, யூதர் வெறுத்த சமாரியன் ஒருவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துச் சத்திரத்தில் சேர்த்து, சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுக்கும் உவமை. இந்தப் பாடத்தை நடத்தும் பலர் பெயரையும் ஆண்டையும் அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே அந்த எட்டு வசனத்தை ஒவ்வொரு காலத்தவர் கையிலும் கொடுத்து, அவர் எங்கே கோடு போடுவார் என்று நம்மையே போடச் சொல்கிறார்கள். எரிகோவுக்கு "இறங்கிப்போகையில்" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாலே போதும், முழு வரலாறும் அதன் பின்னால் வந்துவிடுகிறது.

முதல் வாரம் இரேனியஸ். கி.பி. 180 வாக்கில் எழுதியவர். ரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்ற ஞானவாதக் குழுக்கள் வேத வசனங்களையே எடுத்துத் தங்கள் கதையைக் கட்டியபோது அவர் சொன்ன உவமை இது: அழகிய கற்களால் செய்த ராஜாவின் உருவத்தைக் கலைத்து, அதே கற்களை வைத்து நாயாகவோ நரியாகவோ அடுக்கி, "இதுதான் ராஜா" என்று காட்டுவது போல இருக்கிறது இவர்கள் வேலை. வகுப்பில் இதைச் செய்தே பார்க்க வைக்கிறார்கள். எட்டு வசனத்தையும் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து, வரிசை மாற்றி வேறு கதை ஆக்கச் சொல்கிறார்கள். பத்து நிமிடத்தில் சத்திரக்காரன் கொள்ளைக்காரனாகிவிடுகிறான். கற்களை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கு, சபை வழிவழியாக அறிக்கையிட்ட விசுவாசமே சட்டம் என்று இரேனியஸ் ஏன் சொன்னார் என்பது அப்போது தானாக விளங்குகிறது.

இரண்டாம் வாரம் அலெக்சாந்திரியா, அந்தியோகியா என்ற இரண்டு நகரத்து விளக்க மரபுகள். ஒரிஜன் (சுமார் 185–254) வேதத்துக்கு உடல், ஆத்துமா, ஆவி என்று மூன்று நிலை உண்டு என்றவர். இதற்கு மூன்று நிறப் பென்சில் தருகிறார்கள். பயிற்சி நன்று, ஆனால் ஒரு குழப்பம் வருகிறது. எல்லா வசனத்துக்கும் மூன்று நிறமும் பூசியே ஆகவேண்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சில இடங்களில் "உடல்" பொருளே கிடையாது என்று ஒரிஜனே சொல்லியிருக்கிறார். நேர்ப்பொருள் இடறுகிற இடம்தான் ஆழத்துக்குப் போகும் வாசல் என்பது அவர் கணக்கு. அந்தியோகியா பக்கத்தில் மொப்சுவேஸ்தியாவின் தியோதோர் (இறப்பு 428) இதற்கு எதிர்க்கட்சி. கலாத்தியர் 4-இல் பவுலே ஆகாரையும் சாராளையும் "ஞானார்த்தம்" (உருவகப் பொருள்) என்று சொல்கிறாரே என்று கேட்டால், பவுல் அந்தப் பெண்களை நிஜமாக வாழ்ந்தவர்களாக வைத்துக்கொண்டுதான் பேசுகிறார், நடந்ததைக் கரைத்துவிடவில்லை என்பது தியோதோரின் பதில். இரண்டு கட்சியையும் சம எடையில் நிறுத்தியது நடத்துநரின் நேர்மை.

மூன்றாம் வாரத்துக்காகவே 60 வெள்ளி தரலாம். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகஸ்டின் இந்த உவமைக்குச் சொன்ன பொருளை அப்படியே அட்டவணையாகத் தருகிறார்கள். இறங்கிப்போன மனுஷன் ஆதாம். எருசலேம் பரலோக நகரம். எரிகோ என்றால் நிலா. பிறந்து, வளர்ந்து, தேய்ந்து, மறைவதால் அது நம் சாவுத்தன்மை. கள்ளர் பிசாசும் அவன் தூதரும். ஆசாரியனும் லேவியனும் பழைய ஏற்பாட்டின் ஊழியம். சமாரியன் கிறிஸ்து. எண்ணெய் நம்பிக்கை தரும் ஆறுதல், திராட்சரசம் ஊக்கத்தோடு உழைக்கச் சொல்லும் புத்திமதி. வாகனம் அவர் எடுத்த மாம்சம். சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல். இரண்டு பணம் அன்பின் இரண்டு கட்டளை. (நம் பழைய மொழிபெயர்ப்பில் "சுயவாகனம்" என்று இருப்பதால் இளசுகள் மோட்டார் சைக்கிளை நினைத்துச் சிரிக்கும். கிரேக்கத்தில் அது சவாரி மிருகம்.)

அட்டவணையைப் பார்த்ததும் வகுப்புக்கு ருசி பிடித்துவிடும். ஆபத்தும் அங்கேதான். மிருகத்துக்கு நாலு கால், அது நாலு சுவிசேஷம் என்று ஆளாளுக்குக் கிளம்புவார்கள். நடத்துநர் இதை எதிர்பார்த்து, அகஸ்டின் வைத்திருந்த தடைகளையும் கூடவே கொடுக்கிறார். 396 வாக்கில் தொடங்கி 426-இல் முடித்த விளக்கக்கலை நூலில் அவர் போட்ட விதிகள் அவை. மங்கலான இடத்தில் கண்டெடுத்தது ஏறக்குறைய எதுவானாலும் வேறொரு இடத்தில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும். எடுத்த பொருள் தேவ அன்பையும் பிறர் அன்பையும் கட்டியெழுப்பாவிட்டால் வாசித்தவனுக்கு இன்னும் விளங்கவில்லை. நாலு கால் விளக்கத்தை இந்த இரண்டு சல்லடையிலும் போட்டுப் பார்க்கச் சொன்னால், தவறு என்பதைவிட வெட்டி என்பது தெரியும். மேடையில் உருவகம் பேசுகிறவர்கள் எல்லாரும் இந்த ஒரு வகுப்புக்காவது வந்து உட்காரலாம்.

நான்காம் வாரம் இடைக்காலம். அதற்கு முன்னோடியாக, 5-ஆம் நூற்றாண்டுத் துறவி யோவான் கசியான் எருசலேமை வைத்துச் சொன்ன நாலு பொருள்: வரலாற்றில் யூதர் நகரம், உருவகத்தில் சபை, ஒழுக்கத்தில் மனுஷ ஆத்துமா, வருங்காலத்தில் பரலோக நகரம். பிறகு 12-ஆம் நூற்றாண்டின் உரைச்சுற்றுப் பக்கம், அதாவது நடுவில் வசனம், வரியிடையிலும் ஓரங்களிலும் ஆதிச் சபைப் பிதாக்களின் உரை. அதே மாதிரி ஒரு பக்கம் தயாரிக்கச் சொல்கிறார்கள். தருவது ஏ4 தாள். நடுவில் எட்டு வசனம் எழுதினால் ஓரத்தில் இரண்டு விரல் இடம்கூட மிஞ்சாது. ஏ3 தாள் ஒன்றை நீங்களே வாங்கிப் போங்கள், நடுக்கட்டத்தை உள்ளங்கை அகலத்துக்கு மேல் விடாதீர்கள். கையேட்டில் ஒரு பிழையும் உண்டு. "எழுத்து நடந்ததைச் சொல்லும்" என்று தொடங்கும் அந்த நாற்பொருள் லத்தீன் ஈரடியை ஹிப்போவின் அகஸ்டின் எழுதியதாகப் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் 13-ஆம் நூற்றாண்டு டேனிஷ் துறவி, டேசியாவின் அகஸ்டின். பெயர் ஒன்றானதால் எண்ணூறு வருஷம் தாண்டிவிட்டார்கள். வாதம் செய்ய நேர்ப்பொருள் மட்டுமே உதவும் என்று தாமஸ் அக்குவினாஸ் கட்டுப்பாடு வைத்ததும் கையேட்டில் இல்லை. அது இல்லாமல் படித்தால், லூத்தர் வரும்வரை யாருமே எழுத்தைக் கவனிக்கவில்லை என்ற எண்ணம் விழும்.

ஐந்தாம் வாரத்தில் அந்த எண்ணம் விழவும் செய்கிறது. சீர்திருத்தக் காலம் நன்றாகவே தொடங்குகிறது: மத்தேயு 4:17-இல் உள்ள ஒரு சொல்லை வைத்து. லத்தீன் வேதத்தில் "போயெனித்தென்சியாம் ஆகித்தே". இதைப் பாவசங்கீர்த்தனத்தோடு சேர்ந்த பரிகாரம் செய்யுங்கள் என்றும் கேட்கலாம். கிரேக்கத்தில் அது மனமாற்றம். இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா, அவர் குறிப்புகளை 1505-இல் அச்சிட்ட எராஸ்மஸ், 1516-இன் கிரேக்கப் புதிய ஏற்பாடு, மறு வருஷம் லூத்தரின் 95 வாக்கியங்களில் முதல் இரண்டு என்று சங்கிலி அழகாகக் கோக்கப்படுகிறது. தமிழில் ஏற்கெனவே "மனந்திரும்புங்கள்" என்று இருப்பதால் நம்மவர்களுக்குச் சண்டையே புரியாது. லத்தீனைப் பலகையில் எழுதிக் காட்டியது சரியான முடிவு.

பிறகுதான் வண்டி தடம் மாறுகிறது. சீர்திருத்தக்காரர்கள் உருவகத்தை ஒழித்தார்கள் என்று கையேடு ஒரே வரியில் முடிக்கிறது. கால்வின் விஷயத்தில் அது சரி: இந்த உவமையின் உருவக விளக்கங்களில் தமக்கு விருப்பமில்லை, வேதத்தின் இயல்பான பொருளுக்கு வேஷம் போட நமக்கு உரிமையில்லை என்று அவர் எழுதினார். ஆனால் லூத்தர் இதே பகுதியில் பிரசங்கித்தபோது சமாரியனைக் கிறிஸ்துவாகவே பேசினார். வேதம் மட்டும் போதும் என்றவர்களுக்குள் 1529-இல் மார்பூர்கில் நடந்ததையும் சேர்த்திருக்கலாம். "இது என் சரீரம்" என்ற நாலு லத்தீன் வார்த்தையை லூத்தர் மேசையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டார்; சுவிங்லி அதில் "ஆகும்" என்ற பொருள்தரும் "எஸ்த்" என்ற சொல்லுக்குக் "குறிக்கிறது" என்றே பொருள் என்றார்; 15 வாக்கியத்தில் 14-இல் ஒத்துப்போனவர்கள் அந்த ஒன்றில் பிரிந்தார்கள். கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1546-இல் விளக்கத்தின் தீர்ப்பைச் சபையிடம் வைத்தது ஏன் என்பதற்கும் இதுவே பாதி விடை. இதைச் சொல்லாமல் திரெந்தைச் சொன்னால் கத்தோலிக்க மாணவர்களுக்குத் தங்கள் சபை சும்மா பிடிவாதம் பிடித்த மாதிரி படும்.

ஆறாம் வாரம், வேதம் எப்படி உருவானது என்று ஆராய்ந்தவர்கள். ஸ்பினோசா (1670), ரிச்சர்ட் சைமன் (1678), ழான் அஸ்த்ரூக் (1753), வெல்ஹவுசன் (1878) நாலு பேரும் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறார்கள், அதுவும் "விசுவாசத்தைக் குலைத்தவர்கள்" என்ற தலைப்பின் கீழ். இது நியாயமில்லை. சைமன் ஒரு கத்தோலிக்கக் குரு. வேதப் பிரதிகளில் இத்தனை சிக்கல் இருப்பதால் எழுத்து மட்டும் போதாது, பாரம்பரியம் வேண்டும் என்று காட்டவே அவர் நூல் எழுதினார். அப்படியும் அவர் பக்கத்தவர்களே அதை அழித்தார்கள். அஸ்த்ரூக் ஒரு மருத்துவர். ஆதியாகமத்தை மோசே பழைய குறிப்புகளிலிருந்து தொகுத்தார் என்று சொல்லி மோசேயைக் காப்பாற்றத்தான் பார்த்தார். எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதை முதல் ஐந்து வாரமும் சொல்லிவிட்டு, இங்கே மட்டும் மருந்தைக் காட்டி நோயை மறைத்துவிடுகிறார்கள்.

இதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்துவிட்டுப் போகலாம். இருபது நிமிடம் போதும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் 1:1 முதல் 2:3 வரை "தேவன்" வரும் இடங்களில் நீலக் கோடு. 2:4 முதல் அதிகாரம் முடியும்வரை "தேவனாகிய கர்த்தர்" வரும் இடங்களில் சிவப்புக் கோடு. எல்லை எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே தெரியும். பிறகு இரண்டு பகுதியிலும் செடிகொடி, மிருகம், மனுஷன் எந்த வரிசையில் வருகிறார்கள் என்று எழுதுங்கள். அஸ்த்ரூக் எபிரெயத்தில் பார்த்தது இதைத்தான். இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் வகுப்பில் குரல் உயர்கிறது.

ஏழாம் வாரம் சுருக்கமாக, ஆனால் பதமாகப் போகிறது. உவமைக்கு ஒரே குறிதான் உண்டு என்ற ஜெர்மன் அறிஞர் யூலிஹர், 1922-இன் திருத்திய ரோமர் உரையோடு சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த், இலக்கிய வகையையும் மூலமொழியையும் கவனிக்கச் சொன்ன போப் 12-ஆம் பயஸின் 1943 சுற்றுமடல், 1965-இன் வத்திக்கான் சங்க ஏடு. எருசலேமுக்கும் எரிகோவுக்கும் சுமார் 1000 மீட்டர் உயர வித்தியாசம் என்று வரைபடத்தில் காட்டுகிறார்கள். அகஸ்டினுக்கு ஆதாமின் வீழ்ச்சியாக இருந்த "இறங்கிப்போகையில்" இங்கே வெறும் மலையிறக்கம். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு, பிந்தியது முந்தியதை அடித்துவிட்டது என்று சொல்லாமல் விடுகிறார் நடத்துநர். கையேட்டை எழுதியவரும் அவரும் வேறு ஆட்களோ என்று தோன்றும்.

கடைசி வாரம் கதையைத் தோட்டத்துச் சாலையில் வைத்து எழுதச் சொல்கிறார்கள். சமாரியனாகப் பாஸ்டரையோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ போட்டவர்களின் தாள் திரும்பி வரும். ஒரு அதிகாரம் முன்னால், லூக்கா 9:52–53-இல், சமாரியர் கிராமம் இயேசுவை ஏற்க மறுக்கிறது. கேட்டவர்களுக்குச் சமாரியன் என்றாலே முகம் சுளிக்கும். லயத்தில் நாம் யாரைக் கண்டால் வாசல் கதவைச் சாத்துகிறோமோ அவரைப் போட்டால்தான் கதை நிற்கும்.

சில நடைமுறை விஷயங்கள். மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்கு எதுவும் கேட்காது, 7.15-க்கே போய் முன்னால் உட்காருங்கள். பழைய மொழிபெயர்ப்போடு திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பும் கொண்டுபோங்கள். 1 யோவான் 5:7-ஐ இரண்டிலும் ஒப்பிட்டால் பரலோகத்துச் சாட்சி மூவரைப் பற்றிய வரி பழையதில் இருக்கும், புதியதில் இருக்காது. எராஸ்மஸ் முதல் இரண்டு பதிப்பில் விட்டுவிட்டு 1522-இல் சேர்த்த வரி அது. இடைவேளையில் கேட்டால் நடத்துநர் நன்றாக விளக்குவார். ஆலையில் இரவு ஷிப்ட் உள்ளவர்கள் மூன்றாம் வாரத்தை மட்டும் தவறவிட வேண்டாம். வடை 8.25-க்கே தீர்ந்துவிடும்.